நடுவர் மதிப்பெண்ணால் வெற்றி தீர்மானிக்கப்படும் கலைசார் விளையாட்டுகளுக்குச் சர்வதேசப் போட்டிகளில் இடம் இருக்கலாமா?

வண்ணநாடா (கேள்வி):

என் மகள் மூன்று ஆண்டுகளாக ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்று வருகிறாள். சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருந்த என் அண்ணன், இளமையில் ஓட்டப்பந்தய வீரராக இருந்தவர், அவள் நாடாவைச் சுழற்றிப் பயிற்சி செய்வதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது அழகான நடனம், ஆனால் விளையாட்டு அல்ல, யார் முதலில் வந்தார் என்பதை நாலு பேரைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றால் அது எப்படிப் போட்டியாகும்?" என்று கேட்டார். அவள் பதில் எதுவும் சொல்லவில்லை. நாடாவைக் குச்சியில் சுற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளைப் புண்படுத்தும் எண்ணம் அண்ணனுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவருக்குச் சொல்ல என்னிடமும் பதில் இருக்கவில்லை.

ஜிம்னாஸ்டிக்ஸ் 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே இருந்தது என்பதும், குளிர்கால ஒலிம்பிக் என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்பே, பனித்தளத்தில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் 1908 லண்டன் போட்டியில் நடந்தது என்பதும், ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸும் இன்று ஆர்ட்டிஸ்டிக் ஸ்விம்மிங் என்று பெயர் மாறியிருக்கும் நீச்சல் வகையும் 1984 லாஸ் ஏஞ்சலிஸில் சேர்க்கப்பட்டன என்பதும் நான் அறிந்தவைதான். ஆனால் நெடுங்காலமாக இருந்துவருகிறது என்பது மட்டுமே ஒன்று அங்கே இருப்பதற்கான நியாயமாகிவிடாது. 1912 முதல் 1948 வரை ஓவியம், சிற்பம், இசை, இலக்கியம், கட்டடக்கலை ஆகியவற்றுக்கும் ஒலிம்பிக்கில் பதக்கம் கொடுத்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். 2024 பாரிஸில் பிரேக்கிங் என்ற தெரு நடன வகை வந்தது. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் அது இல்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. பாரிஸில் நடந்த பெண்கள் தரைப் பயிற்சி இறுதிப் போட்டியை நானும் மகளும் சேர்ந்து பார்த்தோம். அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸ் முதலில் 13.666 பெற்று ஐந்தாம் இடத்தில் இருந்தார். அவருடைய பயிற்சியாளர் முறையிட்டதும் மதிப்பெண் 13.766 ஆக உயர்ந்து, மூன்றாம் இடம் கிடைத்துவிட்டது என்று நம்பிக் கொடியோடு நின்றுகொண்டிருந்த ருமேனியாவின் அனா பார்போசு நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். சில நாட்களில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த உயர்வு செல்லாது என்று தீர்ப்பளிக்க, பதக்கம் பார்போசுவுக்குப் போனது. இரண்டு பெண்களும் அழுததைப் பார்த்தோம். "அம்மா, அப்படியென்றால் யார்தான் நன்றாகச் செய்தார்கள்?" என்று மகள் கேட்டாள். அண்ணனின் கேள்வியும் இவளுடைய கேள்வியும் ஒன்றுதானோ என்று எனக்குத் தோன்றுகிறது. இத்துறையை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

முன்னாள் நடுவர்:

அம்மா, நான் பதினொரு ஆண்டுகள் உள்ளூர்ப் போட்டிகளிலும் மாநில அளவிலான போட்டிகளிலும் ஜிம்னாஸ்டிக்ஸ் நடுவராக இருந்தவன். சர்வதேச மேசையில் உட்கார்ந்ததில்லை. ஆனால் விதிப்புத்தகம் எங்களுக்கும் அதுவேதான். "நாலு பேரைக் கேட்டு" என்று உங்கள் அண்ணன் சொன்னதைப் படித்தபோது, அந்த நாலு பேரும் மேசையில் என்ன செய்கிறார்கள் என்பதை அவர் ஒருமுறை அருகில் இருந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

பீம் என்பது 10 சென்டிமீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்ட கட்டை, தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில் நிற்கும். ஒரு பெண் அதன்மேல் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அதிகபட்சம் 90 வினாடி. அந்த 90 வினாடியும் நடுவரின் கண் தாளுக்குத் திரும்பாது. கை மட்டும் எழுதிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு குறியீடு உண்டு. பின்கரணத்துக்கு ஒன்று, திருப்பத்துக்கு ஒன்று, தாவலுக்கு ஒன்று. குறியீட்டுக்குப் பக்கத்திலேயே குறைப்பும் விழும். முழங்கால் சற்று மடங்கினால் 0.1, தெளிவாகத் தெரியும்படி மடங்கினால் 0.3, கடுமையான பிழைக்கு 0.5, கீழே விழுந்தால் 1.0. தாவலில் கால்கள் 180 பாகை விரிய வேண்டிய இடத்தில் 20 பாகை வரை குறைந்தால் 0.1, அதற்கு மேல் 45 பாகை வரை குறைந்தால் 0.3. தரையிறங்கும்போது ஒரு சிறு எட்டு எடுத்து வைத்தால் அதற்கும் 0.1. எனக்கு அந்தப் பெண்ணின் சிரிப்புப் பிடித்திருந்ததா, உடையின் நிறம் பிடித்திருந்ததா என்று எழுதுவதற்கு அந்தத் தாளில் இடமே கிடையாது.

2006 முதல் மதிப்பெண் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. செய்த அசைவுகளின் கடினத்துக்கு ஒரு மதிப்பெண். அவற்றை எவ்வளவு பிழையின்றிச் செய்தார் என்பதற்கு 10இலிருந்து கீழே இறங்கும் இன்னொரு மதிப்பெண். கடினத்தைக் கணிப்பவர்கள் வேறு, பிழையைக் குறைப்பவர்கள் வேறு. பிழை குறைப்பவர்கள் பலர் தனித்தனியே கொடுப்பதில் உச்சமும் தாழ்வும் நீக்கப்பட்டு, எஞ்சியதன் சராசரியே எடுக்கப்படுகிறது. 2016 ரியோவில் தீபா கர்மாகர், ஓடிவந்து மேசையில் கை ஊன்றிப் பாயும் வால்ட் இறுதிப் போட்டியில் செய்த இரண்டு பாய்ச்சல்களை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். முதலாவது 14.866. இரண்டாவது, காற்றில் இரண்டு முன்கரணம் அடிக்கும் புரொடுனோவா என்ற பாய்ச்சல், கடினத்துக்கு 7.0, நேர்த்திக்கு 8.266, ஆக 15.266. தரையிறங்கியபோது இடுப்பு மெத்தையை ஒட்டும் அளவுக்குத் தாழ்ந்து எழுந்தார், அந்த 8.266 எங்கிருந்து வந்தது என்பதை அந்தக் காணொளியைப் பார்க்கும் எவரும் விரல்விட்டுச் சொல்லலாம். இரண்டின் சராசரி 15.066. வெண்கலம் பெற்றவருக்கு 15.216. நான்காம் இடம் என்பது நெஞ்சை அறுத்தது என்றாலும், எந்த இடத்தில் எவ்வளவு போனது என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

நீங்கள் சொன்ன பாரிஸ் சம்பவத்துக்கு வருகிறேன். அந்தச் சண்டை அழகைப் பற்றியதே அல்ல என்பதைக் கவனித்தீர்களா? சைல்ஸ் செய்த ஒரு தாவல் முழுச் சுற்றாகக் கணக்கில் சேருமா சேராதா என்பதுதான் முறையீடு. அது கடினத்தைப் பற்றியது. பிறகு நீதிமன்றம் பார்த்ததோ, முறையீடு ஒரு நிமிடத்துக்குள் வந்ததா என்பதை மட்டும்தான். 4 வினாடி தாமதம் என்று தீர்ப்பாயிற்று. பதக்கத்தை இடம் மாற்றியது கடிகாரம். அதற்கு முன் 2004 ஏதென்ஸிலும் இதே கதைதான். தென்கொரியாவின் யாங் டே-யங் செய்த இணைக்கம்பிப் பயிற்சியின் தொடக்க மதிப்பு, அதாவது பிழையே இல்லாவிட்டால் கிடைக்கும் மதிப்பெண், 10.0 ஆக இருந்திருக்க வேண்டும், 9.9 என்று எடுத்துவிட்டார்கள், அந்த 0.1 அவரிடம் இருந்திருந்தால் தங்கம் வென்ற அமெரிக்காவின் பால் ஹாம் மொத்தமாகப் பெற்ற 57.823ஐ அவர் தாண்டியிருப்பார். கூட்டலில் நேர்ந்த தவறு அது. கூட்டலில் தவறு வருகிறது என்பதற்காகக் கூட்டுவதையே விட்டுவிடுவதில்லையே.

எங்கள் பக்கம் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் ஆறாவது ஆண்டில், ஒரு சிறுமி பீமில் இரண்டு அசைவுகளை இடைவெளியின்றி இணைத்துச் செய்ததை, அவள் நடுவில் நின்றாள் என்று எண்ணி இணைப்பு மதிப்பெண் கொடுக்காமல் விட்டேன். அன்று மாலை அவளுடைய தந்தை கைபேசியில் எடுத்த காணொளியைக் காட்டினார். அவள் நிற்கவில்லை. அந்தப் போட்டியில் காணொளியைக் கொண்டு திருத்தும் விதி இல்லாததால் முடிவு அப்படியே நின்றது. அவள் மூன்றாவதாக வந்திருக்க வேண்டியவள், நான்காவதாகப் போனாள். அந்தத் தந்தை என்னிடம் கோபப்படவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் தாங்க முடியாததாக இருக்கிறது. அதனால்தான் முறையீடும் காணொளியும் இருந்தே ஆக வேண்டும் என்று நான் வாதாடுகிறேன்.

நானூறு மீட்டர்:

நடுவர் ஐயாவின் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் கேட்டவரின் அண்ணன் பக்கம் பேச இங்கே ஒருவராவது வேண்டும். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

நான் ஓடிய நாட்களில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல், கோட்டின்மேல் இருக்கும் கேமராவுக்கு என்னைத் தெரியாது என்பதுதான். என் பயிற்சியாளர் யார், போன ஆண்டு நான் எத்தனையாவதாக வந்தேன், எந்த நாட்டின் சட்டையை அணிந்திருக்கிறேன் என்பது எதுவும் அதற்குத் தேவையில்லை. எட்டாவது தடத்தில், யாருமே பெயர் கேட்டிராத ஒருவன் முதலில் நெஞ்சை நீட்டினால் அவன்தான் வென்றவன். மதிப்பெண் விளையாட்டில் அது அவ்வளவு எளிதா? புகழ்பெற்றவர் செய்யும் சிறு பிழை கண்ணில் படாமல் போவதும், புதியவர் செய்யும் அதே பிழை பெரிதாகத் தெரிவதும் மனித இயல்பு. நடுவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மனிதராக இருந்தால் போதும்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. எரிக் ஸிட்ஸெவிட்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் குளிர்கால விளையாட்டுகளின் மதிப்பெண்களை ஆராய்ந்து, ஸ்கீ ஜம்பிங்கிலும் ஃபிகர் ஸ்கேட்டிங்கிலும் நடுவர்கள் தம் நாட்டவருக்குக் கூடுதலாகக் கொடுத்திருப்பதை 2006இல் காட்டினார். ஸ்கீ ஜம்பிங்கில் மற்ற நடுவர்கள் அந்தச் சாய்வை ஈடுகட்டும் திசையில் மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஸ்கேட்டிங்கிலோ ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கல் நடந்திருப்பதற்கான தடயம் இருந்தது. 2002 சால்ட் லேக் சிட்டியில் அது வெளியே வந்தும்விட்டது. இணையர் பிரிவில் பிரெஞ்சு நடுவர் தாம் நெருக்கடிக்கு உட்பட்டதாகச் சொன்னதை அடுத்து, ரஷ்ய இணையருக்குக் கொடுத்த தங்கத்தைப் போலவே கனடாவின் ஜேமி சாலே, டேவிட் பெல்லெட்டியே இணையருக்கும் இன்னொரு தங்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு பந்தயத்துக்கு இரண்டு முதலிடம். ஓட்டத்தில் இப்படி ஒரு நிலை வந்திருந்தால் நாங்கள் வெட்கப்பட்டிருப்போம்.

இவ்விளையாட்டுகளைக் கீழாக எண்ணிச் சொல்லவில்லை. நான் செய்ய முடியாதவற்றை அவர்கள் செய்கிறார்கள். அவர்களுக்கென்று தனியாக ஒரு பெருவிழா அமைத்து, அங்கே கலையைக் கலையாகவே மதிக்கலாமே என்பதுதான் என் கருத்து. ஓடுபவரும் ஆடுபவரும் ஒரே பதக்கப் பட்டியலில் எண்ணப்படும்போது இருவரில் யாருக்கும் முழு நியாயம் கிடைப்பதில்லை.

பனித்தளம்:

2002 பற்றி நண்பர் எழுதியது அத்தனையும் உண்மை. நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஃபிகர் ஸ்கேட்டிங்கைப் பின்தொடர்பவன். அந்த இரவு எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அதன் பிறகு என்ன நடந்தது என்பதையும் சொன்னால்தான் கணக்கு முழுமையாகும். 6.0ஐ உச்ச மதிப்பெண்ணாகக் கொண்டு பல தலைமுறையாக இருந்த முறையையே தூக்கி எறிந்தார்கள். இன்று ஒவ்வொரு குதிப்புக்கும் சுழற்சிக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. அது என்ன குதிப்பு, எத்தனை சுற்று முழுமையாயிற்று என்பதைத் தனிக் குழு ஒன்று காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்து முடிவு செய்கிறது. நடுவர்கள் அதன் தரத்துக்கு −5 முதல் +5 வரை கொடுக்கிறார்கள். உச்சமும் தாழ்வும் நீக்கப்படுகின்றன. இடையில் ஒரு பெருந்தவறும் செய்தார்கள். நடுவர்களை நெருக்கடியிலிருந்து காப்பதாகச் சொல்லி, யார் எந்த மதிப்பெண் கொடுத்தார் என்பதையே மறைத்தார்கள். 2014 சோச்சியில் ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவா 224.59 பெற்று, 219.11 பெற்ற தென்கொரியாவின் கிம் யூ-நாவை முந்தியபோது, எந்த நடுவர் எப்படிக் கொடுத்தார் என்று கேட்கவே வழியில்லாமல் போயிற்று. அந்த மறைப்பு 2016இல் நீக்கப்பட்டது. பெயரோடு மதிப்பெண் வெளியே வருகிறது என்றால் நடுவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிறார். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய சீர்திருத்தமாகத் தோன்றுகிறது.

ஆனால் நண்பர் சொன்ன கேமரா எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1960 ரோமில் நடந்த ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கு மூன்று கடிகாரங்களும் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டை விடக் குறைந்த நேரத்தைக் காட்டின. 55.0, 55.1, 55.1 என்பது லார்சனுடையது. டெவிட்டுக்கு மூன்றும் 55.2. இருந்தும் கரையில் நின்று கண்ணால் பார்த்த நடுவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். தலைமை நடுவர் தங்கத்தை டெவிட்டுக்கு என்றார். அந்த முடிவு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. நீச்சலைப் போட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை; மின்னணுக் கருவியைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கருவியும் வந்தவுடன் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 1972 மியூனிக்கில் நான்கு நீச்சல் வகைகளும் சேர்ந்த 400 மீட்டர் மெட்லேயில் ஸ்வீடனின் கன்னர் லார்சனும் (இவர் வேறு லார்சன்) அமெரிக்காவின் டிம் மெக்கீயும் நூறில் ஒரு பங்கு வரை சமமாக வந்தபோது, ஆயிரத்தில் 2 பங்கு வித்தியாசத்தில் லார்சனுக்குத் தங்கம் கொடுத்தார்கள். குளத்தின் தடங்களே அந்த அளவுக்குத் துல்லியமாகக் கட்டப்படுவதில்லை என்று புரிந்த பிறகு, நூறில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது என்று விதியை மாற்றினார்கள். எவ்வளவு நுணுக்கமாக அளப்பது என்பதும் மனிதர் எடுக்கும் முடிவுதான்.

ஓட்டத்திலும் அப்படித்தான். துப்பாக்கி ஒலித்து 0.100 வினாடிக்குள் அசைந்தால் அது தவறான தொடக்கம் என்பது விதி. 2022இல் யூஜீனில் நடந்த உலகப் போட்டியின் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் டெவன் ஆலன் 0.099இல் கிளம்பினார் என்று வெளியேற்றப்பட்டார். ஆயிரத்தில் ஒரு பங்கு! அந்த எல்லைக்கோட்டை 0.100இல் போட்டது எந்தக் கேமராவும் அல்ல.

ஒலிம்பிக்கில் இருந்த ஓவிய, சிற்பப் போட்டிகளைப் பற்றிக் கேள்வி கேட்டவர் குறிப்பிட்டிருந்தார். அவற்றை நீக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணம், அதில் பங்கேற்றவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள், ஒலிம்பிக்கோ அப்போது தொழில்முறை அல்லாதவர்களுக்கானது என்பதுதான். கலையை மதிப்பிட முடியாது என்பதற்காக அவை போகவில்லை.

நானூறு மீட்டர்:

1960 நீச்சல் கதை எனக்குத் தெரியாது, நன்றி. ஆனாலும் ஒரு வேறுபாடு இருப்பதாகவே நினைக்கிறேன். ஓட்டத்திலும் நீச்சலிலும் கால்பந்திலும் நடுவர் நிற்பது ஓரத்தில். அவர் எல்லையைக் காக்கிறார். மையத்தில் கோடும் வலையும் இருக்கின்றன. மதிப்பெண் விளையாட்டில் நடுவர் மையத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்து போய்விட்டால் போட்டியே இல்லை. ஒரு மலையோர மைதானத்தில் நானும் இன்னொருவரும் மட்டும் ஓடினாலும் யார் முந்தினார் என்று எங்களுக்குத் தெரியும். இரண்டு ஜிம்னாஸ்ட்கள் தனியாக ஆடினால் யார் வென்றார் என்று அவர்களுக்குத் தெரியுமா?

ஆழ்குளம்:

தெரியும் ஐயா. நான் டைவிங்கில் இருந்தவள். நீரில் நுழைந்த கணத்திலேயே தெரிந்துவிடும். விரல் முதலில் போய், தோள் போய், கால் நுனி உள்ளே இறங்கும்போது பின்னால் தண்ணீர் எழும்பாமல் ஒரு துணி கிழிவது போன்ற சத்தம் மட்டும் கேட்டால், மேலே வந்து மதிப்பெண் பலகையைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்காது. முதுகில் அறைந்தது போல் விழுந்தாலும் பார்க்கத் தேவையில்லை. என்னோடு பயின்றவர்களில் யார் என்னைவிட நன்றாகக் குதிக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் தெரிந்திருந்தது. என்னைவிட ஒருத்தி மேலானவள் என்று ஒப்புக்கொள்ள எனக்கு எந்த நடுவரும் தேவைப்படவில்லை. ஏழு நடுவர்களின் மதிப்பெண்ணில் மேலே இரண்டையும் கீழே இரண்டையும் எடுத்துவிட்டு, நடுவில் உள்ள மூன்றைக் கூட்டிக் கடின அளவால் பெருக்குவார்கள். வரும் எண் பெரும்பாலும் நாங்கள் ஏற்கெனவே அறிந்ததாகத்தான் இருந்தது.

நடுவர் மையத்தில் இருக்கக் கூடாது என்றால் குத்துச்சண்டையையும் எடுக்க வேண்டியிருக்கும். எதிராளி விழாதவரை அங்கே தீர்ப்பதும் நடுவர்தான். 1988 சோலில் ராய் ஜோன்ஸ் தம் எதிராளியைவிட இரு மடங்குக்கும் மேல் குத்துகளைப் பதித்தும் 3-2 என்று தோற்றதாக அறிவிக்கப்பட்டார். ஆனால் குத்துச்சண்டையை யாரும் நடனம் என்று சொல்வதில்லை. ஸ்கீ ஜம்பிங்கில் தாண்டிய தூரத்தோடு, ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20 வரை கொடுக்கும் பாணி மதிப்பெண்ணும் சேர்கிறது; அதையும் யாரும் நடனம் என்று சொல்வதில்லை. இசையும் பளபளப்பான உடையும் பெண்களும் இருக்கும் இடத்தில் மட்டும் இந்தக் கேள்வி எழுவது ஏன் என்று எல்லோரும் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நண்பரைக் குற்றம் சொல்லவில்லை. இந்தக் கேள்வியைச் சிறு வயதிலிருந்து கேட்டுக்கேட்டு எனக்கு வலித்திருக்கிறது.

ஆர்ட்டிஸ்டிக் ஸ்விம்மிங்கை நடனம் என்பவர்கள் 2022இல் புடாபெஸ்ட்டில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். உலகப் போட்டியின் தனிநபர் இறுதியில், தம் நிகழ்ச்சியை முடித்த அனிதா ஆல்வரெஸ் நினைவிழந்து குளத்தின் அடிக்குப் போனார். பயிற்சியாளர் ஆண்ட்ரியா ஃபுவெண்டெஸ் உடுத்திய உடையோடு பாய்ந்து அவரை மேலே கொண்டுவந்தார். தலைகீழாக, மூச்சை அடக்கிக்கொண்டு, தரையில் எங்கும் கால் ஊன்றாமல், இசையின் ஒவ்வொரு அடிக்கும் கால்களை நேராக நிறுத்துவதற்கு உடல் கொடுக்கும் விலை அது. கடைசியில் முகத்தில் சிரிப்போடு மேலே வர வேண்டும் என்பதால் அந்த விலை வெளியே தெரிவதில்லை.

வண்ணநாடா:

எல்லோருக்கும் நன்றி. ஆழ்குளம் எழுதியதை மகளிடம் வாசித்துக் காட்டினேன். நாடாவில் முடிச்சு விழுந்த கணத்தில் தனக்கும் அப்படித்தான் தெரிந்துவிடும் என்றாள்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம். மதிப்பெண்ணுக்காக எல்லாவற்றையும் எண்ணிக்கையாக்கினால், அழகு என்ற ஒன்று இவ்விளையாட்டிலிருந்து போய்விடாதா? கணினியே மதிப்பெண் போடும் காலம் வந்தால் இந்தச் சச்சரவெல்லாம் தீர்ந்துவிடுமா?

பனித்தளம்:

முதல் ஐயத்துக்கு நான் ஒரு சொல். ஆபத்து உண்மையானதுதான், ஆனால் அது பழையது. 1972 சப்போரோவில் ஆஸ்திரியாவின் பெயாட்ரிக்ஸ் ஷூபா, இசைக்கு ஆடும் ஃப்ரீ ஸ்கேட்டிங் பகுதியில் ஏழாவதாக வந்தும் தங்கம் வென்றார். பனியில் வட்டங்களைப் பிசகில்லாமல் வரையும் கட்டாயப் பகுதியில் அவர் அவ்வளவு முன்னால் இருந்தார். பனியில் பதிந்த கோட்டை நடுவர்கள் குனிந்து ஆராய்வார்கள். அதைவிட அளவிடத் தக்க பகுதி இருக்க முடியாது. பார்வையாளர்களுக்கோ அதில் ஒன்றுமே தெரியவில்லை. 1990க்குப் பிறகு அந்தப் பகுதி இல்லை. அளப்பதற்கு எளிது என்பதாலேயே ஒன்றுக்கு அதிக மதிப்புக் கொடுத்தால் விளையாட்டு அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். இன்று நாலு சுற்றுக் குதிப்புகளுக்குக் கிடைக்கும் மதிப்பைப் பார்க்கும்போது எனக்கு அந்த அச்சம் மறுபடி வருகிறது. சிறிய, எடை குறைந்த உடலுக்கே அவை எளிதாக இருப்பதால், குழந்தைகளை அதற்குள் தள்ளினார்கள். மூத்தோர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து 17 ஆக உயர்த்த 2022இல் முடிவெடுத்தது மிகவும் தேவையான காரியம்.

முன்னாள் நடுவர்:

கணினி ஏற்கெனவே வந்துவிட்டது. 2019 ஸ்டுட்கார்ட் உலக ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் ஃபுஜிட்சு நிறுவனம் உருவாக்கிய உதவிக் கருவி பயன்பட்டது. 2023 ஆன்ட்வெர்ப்பில் பீம், வால்ட், தரை என்று எல்லாப் பிரிவுகளுக்கும் அது விரிந்தது. தாவலில் கால்கள் 180 பாகை விரிந்தனவா, 168இல் நின்றனவா என்பதை அது என் கண்ணைவிடச் சரியாகச் சொல்லும். சொல்லட்டும், எனக்கு மகிழ்ச்சியே. எந்த அசைவுக்கு எவ்வளவு மதிப்பு என்று முடிவு செய்வதோ இன்னும் மனிதர் கையில்தான். அதே ஸ்டுட்கார்ட்டில் சிமோன் பைல்ஸ் பீமிலிருந்து இரட்டைத் திருப்பத்தோடு இரட்டைக் கரணம் அடித்து இறங்கும் புதிய அசைவைக் கொண்டுவந்தபோது, மற்றவர்கள் அதை முயன்று கழுத்தை முறித்துக்கொள்ளக் கூடாது என்று காரணம் சொல்லி, எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மதிப்புக் கொடுத்தார்கள். பைல்ஸ் அதை வெளிப்படையாக எதிர்த்தார். அவர் பக்கமே நியாயம் என்று நான் நினைக்கிறேன். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் பின்கரணத்தைத் தடை செய்து வைத்திருந்தார்கள். 1998 நாகானோவில் சூர்யா போனாலி தண்டனை வரும் என்று தெரிந்தே அதை அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். தடை நீங்கியது 2024இல்தான். இவையெல்லாம் விதி எழுதுபவரின் மேசையில் நடப்பவை. எந்தக் கருவியும் அவற்றைத் தீர்க்காது. போட்டிக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும்படி விதி எழுதப்பட்டிருக்க வேண்டும், நடுவரின் பெயர் தெரிய வேண்டும், ஒவ்வொரு குறைப்புக்கும் காரணம் கேட்டால் சொல்லப்பட வேண்டும். இவை மூன்றும் இருக்கும் எந்த விளையாட்டும் ஓட்டத்தோடு ஒரே மேடையில் நிற்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

நானூறு மீட்டர் நண்பருக்கு ஒரு நிகழ்வு சொல்ல வேண்டும். 2016 ரியோவில் எல்லாப் பிரிவு மதிப்பெண்களையும் கூட்டும் ஆண்கள் பல்கருவிப் போட்டியில் ஜப்பானின் கோஹெய் உச்சிமுரா 92.365, உக்ரைனின் ஒலெக் வெர்னியாயெவ் 92.266, 0.099 வித்தியாசம். செய்தியாளர் ஒருவர், நடுவர்கள் உச்சிமுராவிடம் பரிவு காட்டுகிறார்களோ என்ற பொருளில் கேட்டார். அதைப் பயனற்ற கேள்வி என்று ஒதுக்கியவர் தோற்ற வெர்னியாயெவ்தான். 0.099இல் தங்கத்தை இழந்தவரே தம்மை வென்றவரின் தகுதியைப் பற்றி ஐயம் கொள்ளவில்லை.

அம்மா, உங்கள் மகளை அடுத்த போட்டிக்கு அழைத்துப் போகும்போது, அவள் ஆட வேண்டிய முறை முடிந்த பிறகு, நடுவர் மேசைக்கு நேர் பின்னால் உள்ள வரிசையில் அண்ணனையும் அவளையும் சேர்த்து உட்கார வையுங்கள். ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுங்கள். மற்றவர்கள் ஆடும்போது, கண்ணில் பட்ட ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பலகையில் மதிப்பெண் வருவதற்கு முன் இருவரும் தங்கள் தாளை மூடிவிட வேண்டும். முதல் இரண்டு பேருக்கு அண்ணனின் கணக்கு எங்கேயோ இருக்கும். ஏழெட்டுப் பேர் ஆடி முடிப்பதற்குள் யார் முன்னால், யார் பின்னால் என்பதில் அவரும் உங்கள் மகளும் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். எங்கே ஒத்துப்போகவில்லையோ, அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து இங்கே எழுதுங்கள். நாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.